ஒரே கட்டடம், நாலு க்ளையண்ட்: ஒரு ஆஃபீஸ் ஷூட்டோட முழு விவரம்

பழைய சரக்குக் கிடங்கு ஒண்ணை ஆஃபீஸா மாத்தியிருந்தாங்க. மேல கூரையைத் தாங்கற இரும்புச் சட்டம் (ட்ரஸ்), நடுவுல நீளமா ஒரு ஸ்கைலைட், அதாவது கூரையில வெளிச்சத்துக்கு விட்ட கண்ணாடித் திறப்பு, கீழ மரப் பேனல் போட்ட சுவர், நீள நீளமா தொங்கற எல்இடி லைட்டுங்க, ஒரு பக்கம் பூரா கண்ணாடி மீட்டிங் ரூம். ஃபோட்டோ எடுக்க என்னைக் கூப்பிட்டது ஆர்க்கிடெக்ட். பேசி முடிக்கறதுக்குள்ள இன்டீரியர் டிசைனர் சேர்ந்துக்கிட்டாங்க, அப்புறம் லைட் செஞ்ச கம்பெனி, கடைசியா அங்க குடிவந்த கம்பெனியும் "எங்களுக்கும் கொஞ்சம் படம் வேணும், செலவைப் பங்கு போட்டுக்கலாம்"னு வந்துட்டாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஒரே ஷூட்ல நாலு பேர் வேலை முடியுது. ஆனா நாலு பேரும் கேக்கறது ஒண்ணுக்கொண்ணு ஒத்தே வராத படம். அதை எப்படிப் பிரிச்சோம், எங்க இழுபறி ஆச்சு, எது எப்படி முடிஞ்சதுன்னு எழுதறேன். இந்த வேலைக்குப் புதுசா வர்றவங்க எந்த கேமரா எந்த லென்ஸ்னுதான் கேக்கறாங்க, இந்தப் படம் யாருக்குன்னு கேக்கறவங்களை நான் ரொம்பக் கம்மியாத்தான் பாத்திருக்கேன்.

ஆர்க்கிடெக்டுக்கு வேண்டியது பழசும் புதுசும் பக்கத்துல பக்கத்துல நிக்கற இடம். கிடங்கை அப்படியே விட்டுட்டு உள்ள புதுசா ஒரு மெசனைன், அதாவது இடைத்தளம் நிறுத்தியிருந்தார், அது பழைய சுவரை எங்கயும் தொடாது, அந்த இடைவெளி படத்துல தெரிஞ்சே ஆகணும், தெரியலைன்னா அவரைப் பொறுத்தவரை அவர் செஞ்ச வேலையே படத்துல இல்லை. டிசைனருக்கு அந்த இடைவெளி பத்திக் கவலையே இல்லை, வெனியர் (மெல்லிசா சீவி ஒட்டின மரம்) சுவர்ல மர ரேகை ஒரு பேனல்லேர்ந்து அடுத்த பேனலுக்கு அறுபடாம ஓடறது தெரியணும், சோஃபா துணியோட நெசவு தெரியணும். லைட் கம்பெனிக்கு லைட் எரிஞ்சா மட்டும் போதாது, அந்த வெளிச்சம் மேசை மேல எப்படி விழுந்து எங்க நிக்குதுன்னு தெரியணும், அதனால ஸ்கைலைட் அவங்களுக்கு எதிரி. குடிவந்த கம்பெனிக்குப் படத்துல ஆளுங்க வேணும், வெப்சைட்ல வேலைக்கு ஆள் எடுக்கற பக்கத்துல போடறதுக்கு.

நாலு பேரும் அனுப்பின லிஸ்டைக் கூட்டினா ஒரு வாரம் எடுக்கலாம். அதனால எல்லாருகிட்டயும் தனித்தனியா ஒரே கேள்விதான் கேட்டேன்: ஒரே ஒரு படம்தான் கிடைக்கும்னா எது? இந்தக் கேள்விக்கு வர்ற பதில் லிஸ்ட்ல மேல இருக்கற படமா இருக்கறதே இல்லை. ஆர்க்கிடெக்ட் லிஸ்ட்ல முதல்ல இருந்தது முகப்பு, அவர் சொன்ன பதில் மெசனைன் ஓரம். டிசைனர் ரிசப்ஷனை முதல்ல போட்டிருந்தாங்க, பதில் அந்த மரச்சுவர். லைட் கம்பெனி பெரிய ஹாலை இருட்டற நேரத்துல வேணும்னாங்க. குடிவந்தவங்க படிக்கட்டுல ஆளுங்க உக்காந்து பேசற இடம். இந்த நாலும் கண்டிப்பா, மத்தது நேரம் இருந்தாத்தான்னு எழுதியே வாங்கிக்கிட்டேன். கூடவே இன்னொண்ணும் எழுதினது, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் சரி சொல்றவர் ஒரே ஒருத்தர். லேப்டாப்ல கேபிள் போட்டு பெரிசா படம் தெரியற இடத்துல நாலு பேரும் நின்னா, ஒருத்தர் நாற்காலியை நகர்த்தச் சொல்வார், அடுத்தவர் அதைத் திருப்பி வைக்கச் சொல்வார், அதுக்குள்ள வெயில் போயிரும்.

ஷூட்டுக்கு முன்னாடி போய்ப் பாக்கறதுல கேமராவைவிட ஃபோனும் நோட்டும்தான் வேலை. எந்த நேரத்துல வெயில் எந்தச் சுவர்ல விழுது, எந்த லைட் எந்த ஸ்விட்ச்ல, எந்த லைட் டிம்மர்ல, எதிர்க் கட்டடத்தோட விளம்பர பலகை கண்ணாடியில தெரியுதா, ஏசி போட்டா திரைச்சீலை ஆடுதா. ஸ்கைலைட் விஷயம் இங்கதான் தெளிவாச்சு. நேர் வெயில் கிட்டத்தட்ட 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கற அலகு), ஆஃபீஸ் மேசைக்கு வழக்கமா வெக்கற வெளிச்சம் 500 லக்ஸ், ரெண்டுக்கும் நடுவுல 200 மடங்கு, ஸ்டாப் கணக்குல (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு) ஏழரைக்கு மேல. உச்சி வெயில்ல ஸ்கைலைட் வழியா தரையில விழற வெள்ளைப் பட்டையையும் மேசைக்குக் கீழ இருக்கற நிழலையும் ஒரே படத்துல வெக்கலாம், ப்ராக்கெட் பண்ணி, அதாவது ஒரே ஃப்ரேமை வெளிச்சம் கூட்டிக் குறைச்சு பல படமா எடுத்துச் சேத்தா வரும், ஆனா வர்ற படம் சாம்பல் பூசின மாதிரி தட்டையா இருக்கும், கண்ணு அங்க நின்னப்போ பாத்தது அது இல்லைன்னு பாக்கறவனுக்குத் தெரிஞ்சிரும். இப்படிச் சேக்கறதைத்தான் ஆளாளுக்கு ஹெச்டிஆர் ஹெச்டிஆர்னு சொல்றாங்க, எனக்கு அதுல பெரிய மரியாதை கிடையாது. நேரத்தை மாத்தினாலே பாதி பிரச்சனை போயிருது. அதனால ஆர்க்கிடெக்டோட படம் காலையில, சாய்ஞ்ச வெயில் பழைய செங்கல் சுவரைத் தடவிக்கிட்டு போறப்போ. உச்சி வேளையில ஸ்கைலைட் எட்டாத கண்ணாடி ரூம், துணி, கைப்பிடி மாதிரி கிட்டத்துப் படங்க. மரச்சுவர் மேகம் மூடினா உடனே, இல்லைன்னா மதியத்துக்கு மேல. சாயங்காலம் முழுக்க ஹாலுக்கு.

லென்ஸ் பத்திக் கேக்கறவங்களுக்காக: பெரும்பாலான படம் 24 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸ்ல எடுத்தது, ஃபுல் ஃப்ரேம்ல (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) படுக்கைவாட்டுல அது 74 டிகிரி பாக்கும். ஷிஃப்ட் லென்ஸ்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வரி, கேமராவை மேல தூக்கிப் பாத்தா சுவரெல்லாம் மேல கூடிக் கூம்பாயிரும், கேமராவை மட்டமா வெச்சுக்கிட்டு லென்ஸை மட்டும் மேல தள்ளினா சுவர் நேரா நிக்கும், கூரையும் உள்ள வந்துரும். நிக்கான் 35 மி.மீ. எஸ்எல்ஆர் கேமராவுக்கு இப்படி ஒரு லென்ஸ் விட்டது 1962-ல, அதுக்கு ரொம்ப முன்னாடியே பெரிய ஃபிலிம் வியூ கேமராவுல இதே வேலையைப் பண்ணிக்கிட்டு இருந்தாங்க. இப்போ சாஃப்ட்வேர்லயும் நேராக்கலாம், ஆனா ஓரம் வெட்டுப்படும், மேல் பக்கம் பிக்ஸல் இழுபடும், அதனால அப்படி எடுக்கறதா இருந்தா சுத்தி நிறைய இடம் விட்டு எடுக்கணும்.

இன்னும் அகலமாப் பாக்கற 16 மி.மீ. லென்ஸ் ஏன் வேணாம்? டிசைனருக்கு ஹால் பெருசாத் தெரியணும்னு ஆசை, "இன்னும் கொஞ்சம் வைடா போலாமே"ன்னு கேட்டாங்க. ஓரத்துல இருந்த வட்ட மேசையை லேப்டாப்ல காட்டினேன், முட்டை மாதிரி இருந்துச்சு. நேர்கோட்டை நேராவே காட்டற எந்த வைட் லென்ஸும் ஓரத்துல இருக்கற பொருளை வெளிப்பக்கமா இழுக்கும், அது லென்ஸ் குறை கிடையாது, கணக்கே அப்படி. அவங்க அளவெடுத்து செய்யச் சொன்ன மேசை அது, அதுக்கப்புறம் வைட் பத்திப் பேச்சே வரலை. நானும் லென்ஸை மாத்தாம, இடப்பக்கமும் வலப்பக்கமும் ஷிஃப்ட் பண்ணி எடுத்த ரெண்டு படத்தை ஒட்டிக் குடுத்தேன். கோணம் அகலமாச்சுன்னா ஓரத்து இழுவை இதுலயும் கொஞ்சம் வரும், அதனால மேசையை ஓரத்துலேர்ந்து உள்ள தள்ளி வெச்சுத்தான் எடுத்தோம்.

கேமரா உயரத்துலதான் யாரோட படம்னு தெரிய ஆரம்பிக்கும். மரச்சுவர், சோஃபா எல்லாம் தரையிலேர்ந்து சுமார் 110 செ.மீ., உக்காந்திருக்கறவர் கண்ணு உயரம், அப்போ சோஃபாவோட முகம் தெரியும், மேசைக்கு மேல் பரப்பு கொஞ்சமாத் தெரியும், ரூம் அமைதியா இருக்கும். அதே ஹாலை லைட் கம்பெனிக்கு எடுக்கறப்போ 160-க்கு ஏத்தினோம், மேசைப் பரப்பு நிறையத் தெரிஞ்சாத்தான் வெளிச்சம் விழற வடிவம் தெரியும். ஆர்க்கிடெக்டுக்கு மெசனைன் ஓரத்துல இன்னும் மேல, ஏணி போட்டு, அந்த இடைவெளி வழியா கீழ்த் தளம் தெரியற மாதிரி. ஒரே ரூம்தான், அரை மீட்டர் ஏறி எறங்கினதுல படம் வேற ஆளுக்குப் போயிருது. அதனால ஒரு ஃப்ரேமை நாலு பேருக்கும் குடுத்துரலாம்ங்கற ஐடியா எனக்குப் பிடிக்கறதில்லை, பொதுவா எடுத்த படம் யார் வெப்சைட்லயும் முதல் படமா வராது.

சாயங்காலத்துக்கு வர்றேன், இந்த ஷூட்ல நெஞ்சு படபடன்னு அடிச்ச நேரம் அதுதான். சூரியன் மறையறப்போ தெளிஞ்ச வானமா இருந்தா வெளிய சுமார் 400 லக்ஸ் இருக்கும், சூரியன் அடிவானத்துக்கு 6 டிகிரி கீழ போறப்போ மூணு லக்ஸ் சொச்சம். இந்த 6 டிகிரியைக் கடக்க பூமத்திய ரேகைப் பக்கம் 20 நிமிஷம் சொச்சம்தான், துருவத்துப் பக்கம் போகப் போக நீளும். நூறு மடங்குக்கு மேல எறங்குதுன்னா ஏழு ஸ்டாப், அப்போ மூணு நிமிஷத்துக்கு ஒரு ஸ்டாப்னு வெளிச்சம் எறங்குது. உள்ள லைட் மாறாது, வெளிய மட்டும் எறங்கிக்கிட்டே போகுது, எங்கயோ ஒரு இடத்துல ரெண்டும் சமமாகும், அந்த நேரத்துல ஸ்கைலைட் நீலமா இருக்கும், லைட்டோட பீம் மேசையில தெரியும், ட்ரஸ் கறுப்பா கோடா நிக்கும். அதுக்கு முன்னாடி எடுத்தா லைட் எரியறதே தெரியாது, அப்புறம் எடுத்தா ஸ்கைலைட் கறுப்பு ஓட்டை.

அதனால ட்ரைபாட் காலுக்குத் தரையில டேப் ஒட்டி, கேமராவை ஒரு முடி நகர விடாம, சாயங்காலம் தொடங்கினதுலேர்ந்து ஒரே இடம். முதல்ல லைட் எல்லாம் ஆஃப் பண்ணி வெறும் பகல் வெளிச்சத்துல ஒண்ணு. அப்புறம் வெளிச்சம் எறங்க எறங்க ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் லைட் போட்டு ஒண்ணு, அணைச்சு ஒண்ணு. லென்ஸ் திறப்பு எஃப்/8, சென்சிடிவிட்டி ஐஎஸ்ஓ 100, ரெண்டும் அப்படியே, ஷட்டர் நேரம் மட்டும்தான் மாறுது. ஷட்டர் மெதுவா இருக்கறதுல இன்னொரு நன்மை, டிம்மர்ல இருக்கற எல்இடி நிறைய, வேகமா அணைஞ்சு அணைஞ்சு எரியுது, கண்ணுக்குத் தெரியாது, 1/500 செகண்ட் மாதிரி வேகத்துல எடுத்தா படத்துல கோடு கோடா விழும், கால் செகண்டுக்கு மேல போனா எல்லாம் கலந்துரும். இந்த ஒரே இடத்துலேர்ந்து வந்த அடுக்குங்கள்ல ரெண்டு படம் செஞ்சோம். பகல் வெளிச்சம் தூக்கலா ஒண்ணு ஆர்க்கிடெக்டுக்கு, லைட் தூக்கலா ஒண்ணு லைட் கம்பெனிக்கு. உயரம் 160-ஐ முடிவு பண்ணது லைட் கம்பெனி, ஆர்க்கிடெக்டுக்கு இது போனஸ்தான், அதை அவர்கிட்ட முன்னாடியே சொல்லியாச்சு.

இப்படி அடுக்கி ஒட்டறது ஏமாத்து வேலைன்னு சொல்றவங்க எப்பவும் ஒருத்தர் வருவாங்க. கட்டடப் படத்துக்குப் பேர் போன ஃபோட்டோகிராபர் ஜூலியஸ் ஷுல்மன் 1960-ல லாஸ் ஏஞ்சலஸ் மலை மேல எடுத்த கண்ணாடி வீடு, பியர் கோனிக் டிசைன் பண்ண கேஸ் ஸ்டடி ஹவுஸ் 22, கீழ ஊர் பூரா விளக்கு, உள்ள ரெண்டு பொண்ணுங்க உக்காந்து பேசிக்கிட்டிருக்கற படம், பாத்திருப்பீங்க. ஊர் விளக்குக்காக சுமார் ஏழு நிமிஷம் எக்ஸ்போஷர், அதே ஃபிலிம்ல வீட்டுக்குள்ளேர்ந்து ஃப்ளாஷ். ஒரே ஃபிலிம்ல ரெண்டு நேரம் இருக்கு. அந்த வீட்டைப் பத்தி உலகத்துக்குத் தெரிஞ்சதே இந்தப் படத்தாலதான்னு சொன்னாலும் தப்பில்லை.

கண்ணாடி மீட்டிங் ரூம் சீக்கிரம் முடிஞ்சது. கேமராவுக்குப் பின்னாடி கறுப்புத் துணி, எங்க ஆளுங்க எல்லாம் கறுப்புச் சட்டை, எதிர்ப்பக்க லைட் ஆஃப். பிரதிபலிப்பைக் குறைக்கற போலரைசர் ஃபில்டர் மாட்டினோம், கண்ணாடிக்கும் பாலிஷ் போட்ட தரைக்கும் அது உதவும், பளபளன்னு இருக்கற உலோகத்துக்கு உதவாது, அப்புறம் வைட் லென்ஸ்ல ஒரு பக்கம் பிரதிபலிப்பு போய் இன்னொரு பக்கம் அப்படியே இருக்கும், அதனால போலரைசரைத் திருப்பித் திருப்பி ரெண்டு மூணு படம் எடுத்து நல்ல பாகத்தைச் சேத்துக்கிட்டோம்.

ஆளுங்க இருக்கற படத்துக்கு மாடல் வேணாம், அங்க வேலை செய்யறவங்களே போதும்னு சொன்னேன், கேமராவைப் பாக்காம படியில உக்காந்து நிஜமாவே பேசினாங்க. ஷட்டர் கால் செகண்ட், உக்காந்தவங்க தெளிவா, நடந்து போனவர் கலங்கலா. மானிட்டர்ல இருக்கற கம்பெனி விவரம் வெளிய போகக்கூடாதுங்கறதை நாங்கதான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்துச்சு, எல்லா ஸ்க்ரீனும் அணைச்சாச்சு. முகம் தெரியற ஒவ்வொருத்தர்கிட்டயும் கையெழுத்து.

பெரிய இழுபறி நிறத்துல வந்துச்சு. முதல் செட் அனுப்பின உடனே டிசைனர் ஃபோன்: "இது என் மரம் இல்லைங்க." கார்டு வெச்சு ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாவே தெரிய நிறத்தைச் சரிபண்றது) பாத்துத்தான் எடுத்தது, வெள்ளைச் சுவர் வெள்ளையாத்தான் இருக்கு, மரம் மட்டும் செம்மஞ்சளா போகுது. ஏன்னா அந்தச் சுவர்ல ஒரு பக்கம் ஸ்கைலைட் வெளிச்சம் 6,000 கெல்வினுக்கு மேல (கெல்வின்னா வெளிச்சத்தோட நிறத்தை அளக்கற அலகு, எண் கூடினா நீலம், குறைஞ்சா மஞ்சள்), இன்னொரு பக்கம் 3,000 கெல்வின் எல்இடி, நடுவுல ரெண்டும் கலந்து கிடக்கு. ஒரு கார்டு ஒரு வெளிச்சத்துக்குத்தான் பதில் சொல்லும். இதுபோக வெனியர் மேல பூசின பாலிஷ் எல்இடி வெளிச்சத்துல ஒரு நிறம், பகல்ல ஒரு நிறம், கண்ணுக்கே அப்படித்தான் இருந்துச்சு, கேமராவுக்கு அதைவிட மோசம். விவாதம் பண்ணி இது தீராது. பேனல் செஞ்சப்போ வெட்டி மிஞ்சின துண்டு ஒண்ணு அனுப்பச் சொன்னேன், கேலிபரேட் பண்ண மானிட்டர் பக்கத்துல நல்ல லைட்ல அந்தத் துண்டை வெச்சுக்கிட்டு, லைட் அணைச்சு எடுத்த ஃப்ரேம்லேர்ந்து மரத்தோட நிறத்தை எடுத்து, வெளிச்சத்தோட வடிவத்தை மட்டும் மத்த ஃப்ரேம்லேர்ந்து சேத்தேன். ஒத்துக்கிட்டாங்க. லைட் அணைச்ச ஃப்ரேம் ஒண்ணு எல்லா இடத்துலயும் எடுத்து வெக்கறது இதுக்குத்தான், அது இல்லாம இருந்திருந்தா திரும்பப் போய்த்தான் எடுத்திருக்கணும். லைட் கம்பெனியோட படத்துல மரம் கொஞ்சம் சூடாவே இருக்கு, அவங்க லைட் 3,000 கெல்வின்னு விக்கறாங்க, அதைப் பச்சைத் தண்ணியா ஆக்கிக் குடுத்தா அவங்களுக்கு என்ன பிரயோஜனம்.

ரீடச் லிஸ்ட்ல வந்தது பாத்தீங்கன்னா ஸ்ப்ரிங்க்லர் தலை, புகை டிடெக்டர், எக்ஸிட் பலகை, அப்புறம் ட்ரஸ் ஓரமா போன ஒரு டக்ட், அதாவது ஏசி காத்துக் குழாய். எனக்கு இதுல ஒரு கோடு உண்டு, நாளைக்குத் தானா அந்த இடத்தை விட்டுப் போகக்கூடியது எதுவும் எடுத்துரலாம், ஒயர், தூசி, கைரேகை, பெயின்ட் சிராய்ப்பு, யாரோ விட்டுட்டுப் போன பை. கட்டடத்தோட சேந்தது இருக்கட்டும். எக்ஸிட் பலகையோட பச்சை வெளிச்சத்தைக் கொஞ்சம் அடக்கிக் குடுத்தேன், பலகையை எடுக்கலை. டக்டை எடுக்கச் சொன்னது ஆர்க்கிடெக்ட், அவார்டுக்கு அனுப்பறாராம். ஜூரில யாராவது நேர்ல வந்து பாத்தா டக்ட் அங்கதான் இருக்கும்னு சொன்னேன், கொஞ்ச நேரம் பேசலை, அப்புறம் கேமராவை ஒரு அடி இடப்பக்கம் நகர்த்தி எடுத்திருந்த இன்னொரு ஃப்ரேமை எடுத்துக்கிட்டார், அதுல டக்ட் ட்ரஸ்ஸுக்குப் பின்னாடி மறைஞ்சிருந்துச்சு. லைட் கம்பெனி கேட்டது இன்னும் மேல, பக்கத்து வரிசையில வேற கம்பெனி லைட் இருந்தது, அதை அழிக்கச் சொன்னாங்க. முடியாதுன்னுட்டேன், அந்த வரிசை வராத மாதிரி வெட்டிக் குடுத்தேன்.

இவ்வளவு ஏன் பிடிவாதம்னா, இன்டீரியருக்கு ஆயுசு கம்மி. குத்தகை முடிஞ்சா பிரிச்சுருவாங்க, மிஞ்சறது படம்தான். ஆர்க்கிடெக்ட் மீஸ் வான் டெர் ரோ பார்சிலோனாவுல 1929 கண்காட்சிக்குக் கட்டின பெவிலியனை 1930-லேயே பிரிச்சுட்டாங்க, 1986-ல திரும்பக் கட்டி முடிக்கற வரைக்கும் அரை நூற்றாண்டுக்கு மேல உலகம் அதைப் படிச்சது கொஞ்சம் கறுப்பு வெள்ளைப் படத்தை வெச்சுத்தான். அந்தப் படத்துல யாராவது ஒரு தூணை அழிச்சிருந்தா?

கடைசியா உரிமை, பங்கு போடற ஷூட்ல சண்டை வர்றது முக்காவாசி இங்கதான். செலவைப் பங்கு போட்டா படமும் எல்லாருக்கும் சொந்தம்னு நாலு பேரும் நினைச்சிருந்தாங்க. பங்கு போட்டது எடுக்கற செலவை, பயன்படுத்தற அனுமதி ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி: எந்தப் படம், எங்க, எத்தனை வருஷம், அச்சா வெப்சைட்டா விளம்பரமா, அடுத்தவருக்குக் குடுக்கலாமா. சட்டம் நாட்டுக்கு நாடு வேற. அமெரிக்காவுல, பிரிட்டன்ல தனியா தொழில் பண்ற ஃபோட்டோகிராபர் எழுத்துல விட்டுக் குடுக்காத வரைக்கும் உரிமை அவருக்கு. இந்தியாவுல 1957 பதிப்புரிமைச் சட்டம் 17-வது பிரிவுல, பணம் வாங்கிக்கிட்டு ஒருத்தர் கேட்டு எடுத்த படத்துக்கு, வேற ஒப்பந்தம் இல்லைன்னா, கேட்டவர்தான் முதல் உரிமையாளர். அப்போ நாலு பேர் கேட்டு எடுத்தா யாரு? இந்தக் குழப்பத்துக்கே முன்னாடி எழுதி வெச்சிரணும். வெளிப்புறத்துக்கும் கவனம் வேணும், அமெரிக்கச் சட்டத்துல பொது இடத்துலேர்ந்து தெரியற கட்டடத்தைப் படம் எடுக்கலாம், பிரான்ஸ்ல அந்தச் சலுகை வியாபாரத்துக்குக் கிடையாது. ஈஃபில் கோபுரத்தோட உரிமைக் காலம் முடிஞ்சிருச்சு, அதனால பகல்ல எடுத்தா பிரச்சனை இல்லை, ஆனா லைட்டிங்குக்கு உரிமை இன்னும் இருக்குன்னு ராத்திரி அதோட எடுத்து விக்கறதுக்கு அனுமதி கேக்கறாங்க.

படம் குடுத்துக் கொஞ்ச நாள் கழிச்சு மரப் பேனல் சப்ளை பண்ணவர் வெப்சைட்ல நம்ம மரச்சுவர். டிசைனர் நல்ல எண்ணத்துல அனுப்பி வெச்சிருக்காங்க. நான் சத்தம் போடலை, அவர் அஞ்சாவது க்ளையண்ட், அவ்வளவுதான். லைசன்ஸ் அனுப்பினேன், ரெண்டு ஃப்ரேமுக்குப் பணம் கட்டினார், ஆளுங்க முகம் தெரிஞ்ச ஒண்ணை எடுத்துட்டார், ஏன்னா அவங்க கையெழுத்து போட்டது ஆஃபீஸுக்கு மட்டும்தான், மரம் விக்கறதுக்கு இல்லை. அதுலேர்ந்து ஒவ்வொரு ஃபைலுக்குள்ளயும் மெட்டாடேட்டாவுல யாருக்கு எதுக்கு எதுவரைக்கும்னு எழுதியே அனுப்பறேன், ஃபைல் கை மாறினாலும் அது கூடவே போகும், சில தளங்கள் அப்லோட் பண்றப்போ அழிச்சிருது, அதனால டெலிவரி மெயில்லயும் அதே வரிங்க.

பாக்கி இருக்கறது ஒண்ணு. ரிசப்ஷன் சுவர்ல பெரிசா ஒரு ஓவியம், வாங்கினது குடிவந்த கம்பெனி, ஆனா ஓவியத்தை வாங்கினா அதைப் படம் எடுத்து விளம்பரத்துல போடற உரிமையும் வந்துரும்னு அர்த்தம் இல்லை. டிசைனருக்கு அந்த ஃப்ரேம்தான் ரொம்பப் பிடிச்சிருக்கு. ஓவியம் வராம எடுத்த ஃப்ரேமைக் குடுத்திருக்கேன், இன்னொண்ணு ஓவியரோட சம்மதக் கடிதம் வந்ததும் போகும்.